ஆபீசுக்கும் மண்பாதைக்கும் ஒரே சைக்கிள்: பட்ஜெட்டுக்குள் எம்.டி.பி. வாங்குவது எப்படி?

வாரத்தில் ஐந்து நாள் தார்ச்சாலை, ஞாயிறு காலையில் மண்பாதை. முதல்முறை எம்.டி.பி. (மவுன்டன் பைக், அதாவது மலைப்பாதை சைக்கிள்) வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் மனதில் இருக்கும் கணக்கு இதுதான். ஆனால் கடைக்குள் கால் வைத்ததும், முன்னும் பின்னும் ஷாக், ரெண்டு பக்கமும் டிஸ்க், தடித்த டயர், பளபளப்பான ஸ்டிக்கர் என்று ஒன்று கண்ணில் படும். விலையும் பதினைந்தாயிரத்துக்குள் இருக்கும். கணக்கு அங்கேயே மறந்துபோகும்.

அந்தக் கணக்கை மறக்காமல் வாங்குவதற்குத்தான் இந்த வழிகாட்டி. கோயம்புத்தூரை வைத்துச் சொல்கிறேன். ஆபீஸ் போகும் நெரிசல் சாலையும் அங்கே உண்டு, ஊரைத் தாண்டினால் மலையடிவார மண்பாதையும் உண்டு. மதுரைக்காரரும் வேலூர்க்காரரும் இடப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் உங்கள் பாதையை எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வடவள்ளியில் வீடு, பீளமேட்டில் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு 13, 14 கிலோமீட்டர். போக வர ஐந்து நாளுக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மண்பாதையில் ஒரு 25 கிலோமீட்டர். ஆக, சைக்கிள் ஓடும் தூரத்தில் ஆறில் ஐந்து பங்கு தார்ச்சாலைதான். மலைக்கு என்று வாங்கினாலும் அது சாலையில்தான் தேயப்போகிறது.

தூரத்தோடு இன்னும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் மேம்பாலமோ ஏற்றமோ எத்தனை? சைக்கிளை எங்கே நிறுத்துவீர்கள், மாடிக்குத் தூக்க வேண்டுமா? காற்று எந்தத் திசை? கடைசிக் கேள்வி வேடிக்கையாகத் தெரியலாம். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவைக்காரர்களுக்குத் தெரியும். காலையில் கிழக்கே போகும்போது முதுகைத் தள்ளிவிடும். மாலையில் மேற்கே திரும்பும்போது நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும். அந்த நேரத்தில் 18 கிலோ சைக்கிளில், அகலமான முரட்டு டயரோடு மிதிப்பவர் ரெண்டாவது வாரமே பஸ் பாஸ் எடுத்துவிடுவார்.

கையில் இருக்கும் பணத்தைப் பிரியுங்கள்

25,000 ரூபாய் இருக்கிறது என்றால் அது 25,000 ரூபாய் சைக்கிளுக்கு அல்ல. ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, பூட்டு, மட்கார்டு, கைப்பம்ப், பஞ்சர் கிட் எல்லாம் அதில் வர வேண்டும். இவற்றை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்கள், அடுத்த மாதமும் விளக்கில்லாமல்தான் ஓட்டுகிறார்கள்.

மீதிப் பணத்துக்கு என்ன கிடைக்கும்? 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. ஆகவே பழைய விலைப் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். பொதுவாக ஒரு அளவு சொல்கிறேன்.

பத்தாயிரத்துக்குக் கீழே வருபவை எம்.டி.பி. போலத் தோற்றம் தரும் சாதா சைக்கிள்கள். இரும்பு பிரேம், கனம் அதிகம். தட்டையான சாலையில் நாலைந்து கிலோமீட்டர் போக வரத் தாராளமாகப் போதும். கற்பாதையில் இறக்கிவிடாதீர்கள். சில சைக்கிள்களில் பிரேமிலேயே ‘கரடுமுரடான பாதைக்கு அல்ல’ என்று சின்ன எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரைதான் நமக்கான இடம். அலுமினிய பிரேம், முன்பக்கம் மட்டும் ஷாக், ஷிமானோ கம்பெனியின் டூர்னி அல்லது ஆல்ட்டஸ் கியர் என்று கிடைக்கும். எடை 14, 15 கிலோ. ஹீரோ, ஃபயர்ஃபாக்ஸ், டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், மாண்ட்ரா, டெக்கத்லானின் ராக்ரைடர் எல்லாம் இந்த விலையில் ஏதாவது ஒன்றை வைத்திருக்கும். முப்பதைத் தாண்டினால் ஹைட்ராலிக் பிரேக்கும் கேசட் என்ற உறுதியான பல்சக்கர அமைப்பு உள்ள பின்சக்கரமும் வரத் தொடங்கும் (இரண்டையும் பின்னால் விளக்குகிறேன்). அதற்கு மேலே போக வேண்டியது, மலைப்பாதை உங்களை நிஜமாகவே பிடித்துக்கொண்ட பிறகுதான்.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பெயரில் நல்லதும் உண்டு, கண்துடைப்பும் உண்டு. அந்த மாடலில் பூட்டியிருக்கும் பாகங்களைப் பாருங்கள்.

அளவு சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்

சுவரில் முதுகை ஒட்டி, செருப்பில்லாமல் நில்லுங்கள். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு அழுத்தமாக மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள உயரம்தான் உங்கள் கால் அளவு. சைக்கிளின் மேல்குழாயைக் கவட்டைக்குள் வைத்து நிற்கும்போது, குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது ரெண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். மண்பாதையில் சட்டென்று காலை ஊன்ற நேரும்போது அதன் அருமை தெரியும்.

ஐந்தடி இரண்டங்குலம் முதல் ஐந்தடி ஆறு வரை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஸ்மால், அதற்கு மேல் ஐந்தடி பத்து வரை மீடியம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி அளப்பதால் இது தோராயம்தான். ரெண்டு அளவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் சிறியதை எடுங்கள். சீட்டை உயர்த்தலாம், குழாயைக் குறைக்க முடியாது. ‘ஸ்டாக்ல இந்த சைஸ்தான் சார் இருக்கு, ஓட்ட ஓட்டப் பழகிடும்’ என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். அளவு பழகாது, முதுகுவலிதான் பழகும்.

சக்கர அளவு 26, 27.5, 29 என்று மூன்று. 29 குழிகளில் நன்றாக உருளும், ஆனால் உயரம் குறைந்தவருக்கு வாகாக இருக்காது. புதிய எம்.டி.பி.களில் 26 குறைந்துகொண்டு வருகிறது. டயர், டியூப் உங்கள் ஊர்க் கடையில் எதற்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டு 27.5, 29 ரெண்டில் ஒன்றை எடுங்கள். நாலு அங்குல அகல டயர் போட்ட ஃபேட் பைக் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க வேண்டாம். அது மணலுக்கும் பனிக்கும் பிறந்தது, அவினாசி ரோட்டுக்கு அல்ல.

பின்னால் ஷாக் வேண்டாம்

இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இருபதாயிரம் ரூபாய் சைக்கிளின் பின்ஷாக் என்பது வெறும் ஸ்பிரிங். அமுங்கியதும் துள்ளும், துள்ளலை அடக்க உள்ளே எண்ணெயோ காற்றோ கிடையாது. ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பிரிங் அமுங்கி உங்கள் பலத்தில் ஒரு பகுதியை விழுங்கும். பிரேம் மடியும் இடத்தில் உள்ள புஷ் ஒரு வருடத்தில் ஆட ஆரம்பிக்கும். கேரியர் மாட்டவும் வழியில்லை.

முன்ஷாக் விஷயம் வேறு. 80 முதல் 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) நம் தேவைக்குப் போதும். சன்டூர் கம்பெனியின் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம். போன்றவை இந்த விலையில் பார்க்கக்கூடியவை. கடையில் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை உடம்பின் எடையோடு அமுக்கிப் பாருங்கள். ‘டக்’ என்று உலோகம் இடிக்கும் சத்தம் கேட்கக்கூடாது, விட்டதும் ராக்கெட் மாதிரி எகிறவும் கூடாது. ஃபோர்க்கின் தலையில் லாக்அவுட் திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள். திருப்பினால் ஷாக் இறுகிவிடும். ஆபீஸ் போகும் ஐந்து நாளும் அதை மூடியே வைத்திருப்பீர்கள்.

ஷாக்கே இல்லாத ஃபோர்க் கிடைத்தால்? மண்பாதை என்பது உங்களுக்குக் குளக்கரையும் தோட்டத்து வண்டிப்பாதையும்தான் என்றால் தயங்காமல் வாங்கலாம். ரெண்டு கிலோ வரை எடை குறையும், பராமரிப்பும் இல்லை. 1981இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி விற்ற ஸ்டம்ப்ஜம்பர் எம்.டி.பி.யில் எந்த ஷாக்கும் கிடையாது. ராக்ஷாக்ஸ் கம்பெனியின் முதல் ஷாக் ஃபோர்க் வந்ததே அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். அதுவரை மலை இறங்கியவர்கள் பெரும்பாலும் ஷாக் இல்லாத ஃபோர்க்கில்தான் இறங்கினார்கள்.

பிரேக்

‘டிஸ்க் இருக்கா?’ என்பதுதான் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி. டிஸ்க் பிரேக்கிலும் ரெண்டு வகை உண்டு. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது ஹைட்ராலிக். கேபிள் இழுத்து வேலை செய்வது மெக்கானிக்கல். என் வரிசையில் ஹைட்ராலிக் முதலில். அடுத்தது நல்ல வி-பிரேக், அதாவது ரிம்மை ரெண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் பிடிப்பது. மலிவான மெக்கானிக்கல் டிஸ்க் அதற்கும் கீழே. கடைக்காரர் இந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டார்.

காரணம் இருக்கிறது. மலிவான மெக்கானிக்கல் டிஸ்க்கில் ஒரு பக்கத்து பேட் மட்டும்தான் நகரும். அது வட்டை வளைத்துக்கொண்டு போய் அசையாத பேடில் மோத வைக்கும். இடைவெளி சரியாக இல்லையென்றால் உரசும், இல்லை பிடிக்காது. பிடிக்காத டிஸ்க்கை விட, நூறு இருநூறு ரூபாய்க்கு கட்டை மாற்றக்கூடிய வி-பிரேக் எவ்வளவோ மேல். மழையில் வி-பிரேக் ஒரு சுற்று தாமதித்துத்தான் பிடிக்கும் என்பது உண்மை. தினமும் மழையில் ஓட்டுபவரும் நீண்ட இறக்கம் உள்ளவரும் டிஸ்க்குக்கே போகலாம்.

டிஸ்க் சைக்கிளைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: வட்டைக் கவ்வும் கேலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, மேலேயிருந்து இடுக்கு வழியாகப் பாருங்கள். வட்டுக்கு ரெண்டு பக்கமும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் அந்தக் கோடுகள் அகன்று சுருங்கி ஆடக்கூடாது. ஆடினால் வட்டு வளைந்திருக்கிறது. வாங்கும் முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். புது டிஸ்க் முதல் நாளிலேயே கப்பென்று பிடிக்காது. ஆளில்லாத சாலையில் ஓரளவு வேகமெடுத்து, முழுக்க நிற்காமல் வேகத்தைக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து என்று இருபது தடவை செய்தால் பேட் படிந்துவிடும்.

எம்.டி.பி.யின் பிறப்பிடம் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி. 1976 முதல் அங்கே பழைய ஷ்வின் சைக்கிள்களில் மலை இறங்கிப் பந்தயம் விட்டவர்கள், பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள் இருந்த பிரேக்கின் கிரீஸ் வெந்து ஆவியாகி, ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தார்களாம். அந்தக் கஷ்டம் நமக்கில்லை.

நம் ஊர் வழக்கப்படி முன்பிரேக் லீவர் வலது கையில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சைக்கிளில் இடது கையில் இருக்கலாம். ஓட்டும் முன் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

கியர்: எண்ணிக்கையில் மயங்காதீர்கள்

21 கியர் என்றால் முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. இதில் பல ஏறக்குறைய ஒரே அளவுதான். முன்னால் பெரிய பல்சக்கரத்தோடு பின்னால் பெரிய பல்சக்கரத்தைப் போட்டால் செயின் கோணலாக இழுக்கும்; அந்தக் கியர்களைத் தொடவே கூடாது. ஆகவே 21 என்பது பெட்டியில் அச்சடிக்கும் எண், காலுக்கு அத்தனை கிடைக்காது.

பார்க்க வேண்டியது இரண்டே எல்லைகள்: மிகக் கடினமான கியரும் மிக இலகுவான கியரும். 27.5 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.17 மீட்டர் போகும். முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்றால் பெடல் ஒருமுறை சுற்றும்போது சக்கரம் மூன்று முறை சுற்றும். அதாவது ஆறரை மீட்டர். நிமிடத்துக்கு 75 மிதி போட்டால் மணிக்கு 29 கிலோமீட்டர். ஆபீஸ் போக இது ஏராளம். இன்னொரு எல்லையில் முன்னால் 24, பின்னால் 28: ஒரு சுற்றுக்கு 1.86 மீட்டர். நகருக்குள் இது போதும். மாங்கரையைத் தாண்டி ஆனைகட்டிக்கு ஏறும் வளைவுகளில் தொடை எரியும். பின்னால் 34 பல் உள்ள சக்கரம் இருந்தால் முன்னால் அதே பல்சக்கரத்தில் 1.53 மீட்டர், மூச்சு வாங்காமல் ஏறலாம்.

இப்போது முன்னால் ஒரே பல்சக்கரம் வைத்த சைக்கிள்களும் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. முன்னால் 32, பின்னால் 11 முதல் 42 பல் வரை ஒன்பது பல்சக்கரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 6.3 மீட்டர், கீழே 1.65 மீட்டர். அந்த மூன்றுக்கு ஏழில் கிடைத்த எல்லை இதிலும் ஏறத்தாழ அப்படியே கிடைக்கிறது, ஒரு லீவர் குறைவு, செயின் கழன்று விழுவதும் குறைவு. விலை கட்டுப்படியானால் இதையே எடுங்கள். இல்லையென்றாலும் குறையில்லை, டூர்னி மூன்று-ஏழு ஒழுங்காக டியூன் செய்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

கடைக்காரர் தானாகச் சொல்லாத விஷயம் ஒன்று பின்சக்கர ஹப்பில் இருக்கிறது. மலிவான சைக்கிள்களில் பல்சக்கரக் கொத்து ஹப்பின் மேல் திருகி ஏற்றப்பட்டிருக்கும். அதுதான் ஃப்ரீவீல். இந்த அமைப்பில் வலது பக்கத்து பால்ரஸ் ஃப்ரீவீலுக்கு உள்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து பிரேம் வரைக்கும் அச்சுக்குத் தாங்கல் இல்லை. ஆள் எண்பது கிலோ, முதுகில் லேப்டாப் பை, வேகத்தடையில் தூக்கிப் போட்டால் அச்சு வளையும், சில நேரம் உடையும். கேசட் வகையில் பால்ரஸ் வெளிப்பக்கமே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. கண்டுபிடிக்க, பின்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். 11 என்றால் பெரும்பாலும் கேசட். 13, 14 என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் உள்ளவர்கள், ரெண்டாயிரம் மூவாயிரம் கூடப் போனாலும் கேசட்டுக்கே போவது நல்லது.

கடையில் ஓட்டிப் பாருங்கள், எடுக்கும்போது சோதியுங்கள்

ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். எல்லா கியரையும் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள், ஒரு கையை விட்டுப் பாருங்கள், ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள்.

சைக்கிள் கம்பெனியிலிருந்து பெட்டியில், பாதிக்கு மேல் பூட்டிய நிலையில் வரும். மீதியைக் கடைப் பையன் பூட்டுகிறார். அவசரத்தில் நடக்கும் தவறுகள் எப்போதும் ஒரே மாதிரி. ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டிவிடுவது நம்ப முடியாத அளவுக்குச் சாதாரணம். முன் டிஸ்க் கேலிப்பர் ஓட்டுபவரின் இடது கைப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வலது பக்கம் வந்திருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது. வி-பிரேக் என்றால் அது ஃபோர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டும். அடுத்தது பெடல். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். தெரியாமல் சாதா மரை போல முறுக்கினால் பெடலைத் தாங்கும் கிராங்கின் அலுமினிய மரை சிதைந்துவிடும். பெடல் கோணலாக நிற்கிறதா, மரை முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஸ்போக்குகளை ரெண்டு ரெண்டாகச் சேர்த்து அழுத்துங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் சீக்கிரமே ரிம்முக்குக் கோட்டம் எடுக்க வேண்டிவரும்.

பில்லில் பிரேம் நம்பரை எழுதி வாங்குங்கள். அது பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே குத்தியிருக்கும். போன் கேமராவில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

பழைய சைக்கிள்

ஒரு வருடம் பால்கனியில் நின்ற நல்ல சைக்கிள் பாதி விலைக்குக் கிடைப்பது இந்தத் துறையில் அபூர்வமில்லை. புது இருபதாயிரத்தை விடப் பழைய நாற்பதாயிரம் பல நேரம் நல்ல பேரம்.

பிரேமில் வெல்டு வைத்த இடங்களை, முக்கியமாக ஹேண்டில்பார் குழாய் சேரும் இடத்தையும் பெடல் அச்சைச் சுற்றியுள்ள இடத்தையும், ஈரத்துணியால் துடைத்து மயிரிழை விரிசலைத் தேடுங்கள். அலுமினியத்தில் விரிசல் இருந்தால் விலை என்னவானாலும் வேண்டாம். ஃபோர்க்கின் பளபளக்கும் கால்களில் துருப் புள்ளியோ கீறலோ இருந்தால் சீல் போயிருக்கும். செயினை அளக்க இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து தொடங்கினால் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் செயின் மாற்ற வேண்டும்; எட்டில் ஒரு அங்குலம் என்றால் பின்னால் உள்ள பல்சக்கரக் கொத்தும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஆபீசுக்கு ஏற்ப மாற்றுவது

முதல் வேலை டயர். எம்.டி.பி.யோடு வரும் கட்டைப் பல் டயர் தாரில் ‘ங்ங்’ என்று முனகிக்கொண்டே வரும், சீக்கிரம் தேயும். நடுவில் வழவழப்பும் ஓரத்தில் பல்லும் உள்ள டயரை 1.75 முதல் 2.0 அங்குல அகலத்தில் மாற்றிவிட்டால் சைக்கிளே வேறு மாதிரி ஓடும். குளக்கரை, செம்மண் பாதைகளுக்கும் அது போதும். கழற்றிய பழைய டயரை வைத்திருங்கள், ஐப்பசி மழையில் சேற்றுக்குள் போக ஆசை வந்தால் மாட்டிக்கொள்ளலாம்.

டயரில் காற்றழுத்தம், எழுபது கிலோ ஆளுக்கு சாலையில் 45, 50 பி.எஸ்.ஐ., மண்பாதையில் 30, 32. இதைவிடக் குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் ரெண்டு ஓட்டை விழும். பெரும்பாலான பட்ஜெட் எம்.டி.பி.களில் வால்வு மோட்டார் பைக்கில் உள்ளதே. பெட்ரோல் பங்கில் அடிக்கலாம், ஆனால் எவ்வளவு வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழக்கத்தில் பைக்குக்கு அடிக்கும் அளவையே அடித்துவிடுவார்கள்.

மட்கார்டு இல்லாமல் மழைக்காலத்தில் ஆபீஸ் போனால் முதுகில் சேற்றுக்கோடு நிச்சயம். அப்புறம் கேரியர். முதுகில் லேப்டாப் பை மாட்டி 14 கிலோமீட்டர் ஓட்டினால் சட்டை நனைந்துவிடும். கேரியரின் பக்கத்தில் பையை மாட்டிக்கொள்ளுங்கள். அதற்கு பிரேமின் பின்பக்கம் திருகு போடும் துளைகள் இருக்க வேண்டும். வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. டிஸ்க் கேலிப்பர் இடிக்காத கேரியர்தானா என்பதையும். பூட்டில் மெல்லிய கம்பிப் பூட்டு வேண்டாம், சின்னக் கட்டிங் பிளேயர் போதும் அதை வெட்ட. யு வடிவப் பூட்டு வாங்கி, பிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பத்தில் பூட்டுங்கள்.

முதல் மண்பாதை

செங்குத்தான மலைப்பாதையில் ஆரம்பிக்காதீர்கள். பேரூர்ப் பக்கத்துக் குளக்கரைகள், நொய்யல் ஓரத்து வண்டிப்பாதைகள், தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண் தடங்கள் போதும். இறக்கத்தில் சீட்டை ரெண்டு அங்குலம் இறக்கி, பெடல்கள் ரெண்டையும் தரைக்கு இணையாக வைத்து, எழுந்து நின்று இறங்குங்கள். முன்பிரேக்கை ஒரே விரலால் மெதுவாக. பார்வை குழியில் இருந்தால் சைக்கிளும் குழிக்கே போகும். போக வேண்டிய தடத்தைப் பாருங்கள்.

கையில் ஒரு உதிரி டியூப், ரெண்டு டயர் லீவர், பம்ப், அலன் கீ. நம் பாதைகளில் பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் சீமைக்கருவேல முள். வெளியே உடைந்துபோய் நுனி மட்டும் டயருக்குள் நிற்கும். டியூபை மாற்றும் முன் ஒரு பழைய துணியை டயரின் உள்பக்கம் முழுக்கத் தடவிக்கொண்டு வாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே முள். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் நூறு மீட்டரில் மறுபடி இறங்குவீர்கள். இந்தப் பாதைகளில் அடிக்கடி போவதாக இருந்தால் டியூபுக்குள் ஓட்டையைத் தானாக அடைக்கும் சீலன்ட் ஊற்றிக்கொள்வது செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடப் பெரிய காரணம் யானை. கோவையின் மேற்கு ஓரம் முழுக்க யானை நடமாடும் இடம்; விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் காட்டோரத் தோட்டங்களுக்குள் வரும். சைக்கிளில் சத்தம் இருக்காது, வளைவு திரும்பும் வரை உங்களுக்கும் தெரியாது, யானைக்கும் தெரியாது. நன்றாக விடிந்த பிறகு, ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். ‘இன்னிக்கு வேண்டாங்க’ என்று சொன்னால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு

கேபிள்கள் இழுபட்டுக் கியர் தாண்டித் தாண்டி விழும், ஸ்போக் தளரும். பெரும்பாலான கடைகள் முதல் சர்வீஸை இலவசமாகச் செய்யும், சோம்பேறித்தனப்படாமல் கொண்டுபோங்கள். இடது கிராங்கின் போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள். அது தளர்ந்த நிலையில் ஓட்டினால் கிராங்கின் சதுரத் துளை உருண்டைபோல் தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. மிதிக்கும்போது காலடியில் ‘கிளிக் கிளிக்’ என்று கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

செயினுக்கு சைக்கிள் செயின் எண்ணெய் மட்டும். பைக்கின் இன்ஜின் ஆயில் மண்ணை ஒட்டிக்கொண்டு செயினை அரைத்துவிடும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிடம் விட்டு, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். மழையில் நனைந்தால் அன்றே துடையுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தமான தண்ணீரை ஹப்பின் மேல் அடிக்க விடாதீர்கள். பால்ரஸ் கிரீஸ் கழுவிக்கொண்டு போய்விடும். வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும். வருடத்துக்கு ஒருமுறை ஓவராயில் செய்யும்போது, கழற்றிய பாகங்களை உங்கள் கண்முன்னே பூட்டும் மெக்கானிக்காகப் பார்த்துக் கொடுங்கள்.